கிணற்றைக் கேட்காமல் வாங்கிய மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூர்ப் பனி இன்னும் விலகவில்லை. வாசலில் சாமந்திச் செடி இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை... அவ்வளவு பனி. கையில் காபி. எங்கோ நாலு வீடு தள்ளி ஒரு தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அரைக் கண் மூடி உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு சுகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"சார்... தூங்குதீங்களா?"

கண்ணைத் திறந்தால் மாதவன். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே தொழிற்பேட்டையில் இன்ஜினியர். கையில் வழவழ தாளில் அச்சடித்த நாலைந்து கேட்லாக். அதோடு ஒரு முழுத்தாள்... ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, மூன்று கடைகளின் பெயரும் எழுதப்பட்டிருந்தது.

"வீட்டுக்கு மோட்டார் வாங்கணும் சார். ஒரு ஹெச்.பி.யா, ஒண்ணரையா, ரெண்டா? எது போடலாம்னு சொல்லுதீங்க?"

அவர் மனையில் ஒரு பழைய விவசாயக் கிணறு இருக்கிறது. முன்னே அது யாருடைய கேழ்வரகுக் காட்டுக்கோ பாய்ந்துகொண்டிருந்தது.

"கிணத்துல தண்ணி எத்தனை அடியில இருக்கு?" என்றேன்.

"நெறையக் கெடக்கு சார்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் இதே கேள்விக்கு, இதே பதிலை, இதே தெம்போடு சொன்ன இன்னொரு புத்திசாலியை எனக்குத் தெரியும். அவன் பெயரைத்தான் இந்தப் பத்தியின் தலையில் வாராவாரம் பார்க்கிறீர்கள்.

எழுபதுகளின் கடைசி. ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். சேலத்திலிருந்து வந்து ஒரு புதுத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்திருந்தேன். பர்ச்சேஸ் என்றால் என்ன வேலை? ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்பது. மூன்றையும் ஒரே தாளில் கட்டம் கட்டி ஒப்பிடுவது. கீழே கையெழுத்துப் போடுவது. அந்தக் கட்டத்துக்குள் அடங்காத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் மனமார நம்பிய வயது அது.

பாகலூர் ரோட்டில் வாடகை வீடு. வீட்டுக்காரர் நஞ்சப்பா, பாகலூரில் நிலபுலம் உள்ளவர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். வீட்டுக்குப் பின்னால் கல் கட்டிய கிணறு, ஆழம் நாற்பத்தைந்து அடி. என் மனைவி சரோஜா காலையும் மாலையும் அதில்தான் தண்ணீர் சேந்துவாள். அவள் ஓசூர்ப் பக்கம் பேரிகைக் கிராமத்துப் பெண். கிணறும் கயிறும் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி.

அந்த வருஷத்துக்கு முன்னால் இரண்டு தடவை குழந்தை தங்கி, தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

மூன்றாவது தடவை, ஐப்பசியில், டாக்டரம்மா நல்ல செய்தி சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவங்க தண்ணி சேந்தக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. இந்தக் குழந்தை வேணும்னா இதை நீங்கதான் பாத்துக்கணும்."

வேண்டும் என்றால்! வேறு எதுவுமே வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். "மோட்டார் போடறோம்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மாதவனின் கோடு போட்ட தாள் எனக்கு ஞாபகப்படுத்தியது. மூன்று கடை. மூன்று கொட்டேஷன். கட்டம். ஒரு ஹெச்.பி. மோட்டாரும் பம்பும் ஒன்றாக வார்த்த மோனோபிளாக். கேட்லாக்கில் 'மொத்த ஹெட் எண்பது அடி' என்று போட்டிருந்தது. ஹெட் என்றால் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம். கிணறு நாற்பத்தைந்து அடி, மாடித் தொட்டி பதினைந்து அடி, ஆக அறுபது. எண்பதில் அறுபது போனால் இன்னும் இருபது அடி மிச்சம்! 'ஏற்கத்தக்கது' என்று எழுதி, என் வீட்டு மோட்டாருக்கு நானே கையெழுத்தும் போட்டேன். சரோஜா அருகில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இரு, கணக்கு தப்பிடும்" என்றேன். பட்டாணியைத் தொடர்ந்து உரித்தாள்.

கார்த்திகையில் மோட்டார் வந்தது. கிணற்று மேடையில் சிமென்ட் போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு இரும்புக் குழாய் கிணற்றுக்குள் இறங்கியது, இன்னொன்று மாடிக்கு ஏறியது. உள்ளே இறங்கிய குழாயின் நுனியில் ஃபுட் வால்வ்... போன தண்ணீர் திரும்பிக் கீழே ஓடிவிடாமல் பிடித்து வைக்கும் சின்னக் கதவு. முதலில் பம்பின் வாயில் குடத்தால் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். வெறும் வயிற்றோடு அது வேலை செய்யாது. யார்தான் செய்வார்கள்?

சுவிட்சைப் போட்டேன். தெருவில் பாதி வீட்டு டியூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. அப்புறம்... மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

சரோஜா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்து அப்படியே தங்கியது. மார்கழி, தை என்று அந்தக் காலைகள் எல்லாம் எனக்கு ஒரே நீளமான காலையாகத்தான் நினைவில் இருக்கின்றன. பனி, மோட்டாரின் முனகல், தொட்டி நிரம்பி வழியும் ஓசை. நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் எழ வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை. தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது, குழந்தை தானாக வளர்கிறது. எல்லாம் என் கையெழுத்தால் என்று நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் நாலு பேருக்கு மோட்டார் வாங்க யோசனை வேறு சொன்னேன்!

மாசி பிறந்தது. ஒருநாள் காலை மோட்டாரின் குரல் மாறியது. முனகல் போய் ஒரு வறண்ட இரைச்சல். குழாயில் தண்ணீர் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பளபளவென்று தண்ணீர் இருக்கிறது, அதில் என் தலையும் கொஞ்சம் வானமும் தெரிகிறது. 'தண்ணி நிறைய இருக்கே' என்று நினைத்தேன்.

ஃபுட் வால்வ் கசிகிறது என்று மாற்றினேன். பயனில்லை. அப்படியானால் மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. தொழிற்சாலையில் ஒரு மெஷின் திணறினால் என்ன செய்வோம்? பெரிசாக வாங்குவோம். மறுபடியும் மூன்று கொட்டேஷன். இந்தத் தடவை இரண்டு ஹெச்.பி. ஒரு குதிரை இழுக்கவில்லை என்றால் இரண்டு குதிரை பூட்டு... அவ்வளவுதானே?

அது வந்து சேரும்வரை நானே சேந்தினேன். அலுவலகம் போகுமுன் இரண்டு டிரம். உள்ளங்கை கொப்புளித்துப் பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பங்குனியில் வளைகாப்பு முடிந்தது. ஏழாம் மாதம். சரோஜாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அடுத்த வாரமே, ஒரு வியாழக்கிழமை, பத்து மணிக்குப் புது மோட்டாரோடு ஃபிட்டர் வருவதாக ஏற்பாடு. அன்று காலை நான் தண்ணீர் சேந்தவில்லை. எதற்கு? மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி நிரம்பி வழியப் போகிறதே! விசில் அடித்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

சாயங்காலம் வீட்டுக் கேட்டைத் திறந்தேன். மோட்டார் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தவனுக்கு வேறொரு சத்தம் கேட்டது.

வளையல் சத்தம். கிணற்றடியிலிருந்து.

ஓடினேன். சரோஜா கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் ஓடின. முகமெல்லாம் வேர்வை.

"என்ன காரியம் பண்றே நீ!" என்று கத்தினேன். கயிற்றைப் பிடுங்கினேன்.

"கத்தாதீங்க. பொறுமையாத்தான் இழுத்தேன்" என்றாள். "வீட்ல ஒரு சொட்டு இல்லீங்க. மோட்டார்காரர் வந்தாரு, இருந்த மூணு குடத்தையும் அது வாய்ல ஊத்துனாரு. போட்டாரு. உர்ருன்னுச்சு, அவ்வளவுதான். வோல்டேஜ் பத்தலேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. குடிக்கக்கூட இல்ல. நான் என்னா பண்றது?"

வாளி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சத்தை நான் இழுத்தேன். கயிறு கைக்குள் வந்துகொண்டே இருந்தது... வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். கயிற்றில் இடையிடையே பழைய புடவைத் துணுக்குகள் கட்டியிருந்தன. பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு.

"இதென்ன?"

"தண்ணி மட்டம். பச்சை கார்த்திகைல கட்டுனது, பத்து முழம். மஞ்சள் தையில, பதினாலு. இந்த நீலம் மாசி, பத்தொம்பது. சிவப்பு போன வாரம் நீங்க சேந்தும்போது பாத்துக் கட்டுனது, இருபத்திரண்டு."

"இதையெல்லாம் எதுக்கு அளந்தே?"

"எங்க ஊர்ல அப்படித்தான். கயித்தைப் பாத்துட்டுத்தான் தக்காளி நாத்து வைக்கலாமா, சும்மா விட்டுடலாமான்னு முடிவு பண்ணுவாங்க. மாசத்துக்கு ஒரு தடவை கட்டலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

அவள் படியில் உட்கார்ந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "நீங்க மூணு கடைல கேட்டீங்க. எங்கிட்ட கேக்கலியே."

வாசக நண்பர்களே, பர்ச்சேஸ் பிரிவில் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன். இதுபோல ஒன்று வாங்கியதில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரம் சரோஜாவுக்கு வயிறு இறுகி வலிக்க ஆரம்பித்தது. குதிரை வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். எண்பது அடி, அறுபது அடி, இரண்டு குதிரை... நான் எழுதிய எண்களெல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அந்தத் தாள் முழுவதிலும் அவளைப் பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. நான் அழுதேன். ஆண்பிள்ளை அழுதான் என்று எழுத இப்போது எனக்கு வெட்கமில்லை.

கதவு திறந்தது. "துடிப்பு நல்லா இருக்கு. ஆனா இனிமே படுக்கையை விட்டு எந்திரிக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா.  

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாகலூர் போய் நஞ்சப்பாவைப் பிடித்தேன். கயிற்றை அவர் முன்னால் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எந்தத் துணியில நின்னுச்சு மோட்டாரு?"

"நீலம்."

"அய்யோ ராமா! பத்தொம்பது முழம்னா இருபத்தெட்டு அடி. மேல குந்திக்கிட்டு அங்கேருந்து எப்பிடி ஸ்வாமி இழுக்கும்? எருமை கரைமேல நின்னா தண்ணி குடிக்குமா? இறங்கணும் இல்ல? ரெண்டு எருமையைக் கட்டினாலும் கரைமேல நின்னா குடிக்காது!"

அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், எனக்குத்தான் மறந்துவிட்டது. பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாயிலிருக்கும் காற்றை அது அப்புறப்படுத்துகிறது, வெளியே இருக்கும் காற்று கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே அனுப்புகிறது. அந்தக் காற்றுக்குத் தெம்பு அவ்வளவுதான். நடைமுறையில் இருபத்தைந்து அடி தாண்டாது. அதிலும் நம் ஓசூர் மூவாயிரம் அடி மேட்டில் இருக்கிறது. காற்றே கொஞ்சம் மெலிசு. இன்னும் மூன்றடி கழித்துக்கொள்ளுங்கள். குளுகுளு என்று நாம் பீற்றிக்கொள்கிறோமே, அதற்குக் கிணற்றில் கொடுக்கிற விலை அது! கேட்லாக்கின் எண்பது அடி பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் தள்ளும் உயரம். தண்ணீர் பம்பின் வாய்க்கு வந்துவிட்டால் மாடிக்கு என்ன, மாடிக்கு மேல் மாடிக்கும் தள்ளும். வாய்க்கு வருவதற்குத்தான் எல்லை. அந்த எல்லை ஒரு ஹெச்.பி.க்கும் ஒன்றுதான், பத்து ஹெச்.பி.க்கும் ஒன்றுதான்.

நஞ்சப்பா இரண்டு ஆட்களோடும் வடக்கயிற்றோடும் வந்தார். வீட்டுக்காரர் வாடகைக்காரனுக்காகக் கிணற்றில் இறங்கி நான் அன்றுதான் பார்த்தேன். இருபதாவது அடியில் கிணற்றுச் சுவரில் கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் இரும்புச் சட்டம் போட்டு, மேடையோரம் கழற்றி வைத்திருந்த மோட்டாரைக் கயிற்றில் கட்டி, மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள். எந்த மோட்டார் தெரியுமா? பழைய ஒரு ஹெச்.பி.! "சித்திரையில இன்னும் இறக்கிக்கலாம். மழை வந்தா நாங்களே தூக்கி வெச்சிடுவோம். எங்க பக்கம் வருஷாவருஷம் இதானே பொழப்பு" என்றார் மேலே ஏறி வந்த நஞ்சப்பா. தலையில் சிலந்தி வலை.

சுவிட்சைப் போட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பழைய முனகல் எழுந்தது. அப்புறம் மாடியில் தண்ணீர் விழுந்தது. உள்ளே படுத்திருந்த சரோஜா கேட்டாள். "வருதுங்களா?"

"வருது" என்றேன். ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஹெச்.பி. மோட்டார்? கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பேரிகையில் மைத்துனர் காட்டுக்குப் போய்விட்டது. அங்கே தண்ணீர் மேலாகவே இருந்ததால் ஒழுங்காக உழைத்ததாம். மோட்டார் மேல் என்ன குற்றம்?

வைகாசி முடியும்போது கீதா பிறந்தாள். தொட்டில் கட்டப் புதுக் கயிறு வாங்கப் போனேன். சரோஜா வேண்டாம் என்றாள். தாம்புக் கயிற்றை இரண்டு நாள் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து, அதிலேயே புடவைத் தொட்டில் கட்டினாள். துணுக்குகளை அவிழ்க்கவில்லை. காலையில் மோட்டார் ஓடும்போது குழந்தை அழவே அழாது. கண்ணைச் சொருகிக்கொண்டு கேட்கும். தொட்டில் தானாக ஆடுவதுபோல இருக்கும். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு... சொன்னேனே, ஏன் அரைக் கண் மூடி உட்கார்ந்திருப்பேன் என்று. இதுதான்.

இத்தனையையும் மாதவனிடம் சொல்லி முடிப்பதற்குள் பனி விலகி, சாமந்தி தெரிய ஆரம்பித்துவிட்டது. அவர் கையிலிருந்த கேட்லாக்குகள் சுருண்டு போயிருந்தன.

"அப்போ எனக்கு ஜெட் பம்பா, சப்மெர்சிபிளா? எங்க ஆபீஸ்ல கம்ப்ரஸர் போடுங்காங்க..."

"எல்லாமே நல்லதுதான் தம்பி" என்றேன். "தண்ணி கிட்டக்க இருந்தா மோனோபிளாக் போதும். கொஞ்சம் கீழே போனா, ஏத்தின தண்ணியில கொஞ்சத்தைத் திருப்பிக் கீழே பீச்சி மிச்சத்தை மேலே தள்ற ஜெட். ரொம்ப ஆழம்னா தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்கற சப்மெர்சிபிள். நம்ம பாறையில போர் போட்டுத் தண்ணி நூல் மாதிரிதான் ஊறுதுன்னா, காத்தை விட்டு மெதுவாத் தள்ற கம்ப்ரஸர். ஊற்று அரை மணியில கொடுக்கறதை அஞ்சு நிமிஷத்துல உறிஞ்சற மோட்டார் போட்டா, மிச்ச நேரம் காத்தைத்தான் குடிச்சு எரியும். அதனால கோடையில எவ்வளவு கீழே போகுது, ஒரு மணிக்கு எவ்வளவு ஊறுது, மாடி எவ்வளவு உயரம்... இது மூணும் தெரிஞ்சா ஹெச்.பி.யை எவரும் சொல்லிடுவாங்க. இது தெரியாம ஹெச்.பி.யைக் கேட்டா, கடைக்காரர் அவர்கிட்ட எது இருக்கோ அதைச் சொல்வார்."

"கோடை மட்டம் இப்ப எப்பிடி சார் தெரியும்? நான் மனை வாங்கியே மூணு மாசந்தானே?"

நான் யோசிப்பதற்குள் சரோஜா உள்ளிருந்து வந்தாள். கையில் அந்தக் கயிறு. பரணிலிருந்து எப்போது எடுத்தாளோ, நாங்கள் பேசியதையெல்லாம் எங்கிருந்து கேட்டாளோ.

"மாடு ஓட்டிக்கிட்டுத் தினம் உங்க மனை வழியாப் போவுதே ஒரு அம்மா, அவங்கதான் முன்ன அந்தக் கிணத்துல தண்ணி சேந்துனவங்க. சித்திரைல எது வரைக்கும் போவும்னு அவங்களைக் கேளுங்க, கயித்துல கையை வெச்சுக் காட்டுவாங்க" என்றாள். "இன்னிக்கு மட்டத்துக்கு நீங்களே விட்டுப் பாத்து ஒரு துணியைக் கட்டுங்க. மூணு கடைக்கு அப்புறமாப் போலாம்."

மாதவன் கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலு துணுக்குகளும் அதில் அப்படியே இருந்தன. நிறம்தான் வெளுத்துப்போய், எது பச்சை எது நீலம் என்று எங்களுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு இருந்தது.

அவர் கேட்டைத் தாண்டுவதற்குள், பிளஸ் டூ புத்தகத்தோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த கீதா குரல் கொடுத்தாள்.

"அண்ணா... கிணத்துல விட்டுடாதீங்க. அது என் தொட்டில்!"